மிஸ் என்ற சொல்

சின்னவளின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

லேசான காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டு நேற்றுதான் சலவைக்கூடத்து வேலைக்குப் போனேன். பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. மேற்பார்வையாளர் அம்மா ஓடிவந்து, “வி மிஸ்டு யூ” என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூட மிஸ், பஸ் மிஸ், உன் மிஸ்டு கால், இங்கே அடிக்கடி கேட்கும் துணி மிஸ்ஸிங். ஏதோ துணி காணாமல் போய் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று பதறி, பையைக் கவிழ்த்துக் காட்டினேன். துண்டும் சோற்று டப்பாவும்தான் விழுந்தன. அந்த அம்மா திகைத்துப் போனார். நம் பாஷை பேசும் டிரைவர் சிரித்துவிட்டார்.

“யோவ், நீ இல்லாம அவங்களுக்கு உன்னைத் தேடிச்சாம்யா!”

அதற்கும் இதே சொல்தானாம்.

சின்னவளின் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்பு அளவுக்குத்தான். வண்டி வந்துவிட்டது. உனக்கும் என்னைத் தேடுகிறதா? அதை மட்டுமாவது எழுது.

உன் வீட்டுக்காரன்