குப்புறக் கிடத்தச் சொன்னவள்

அனலைதீவு
12.05.1990

அன்பு மகள் சறோஜினிதேவிக்கு அம்மா எழுதுவது,

ஐயனாரின் காவலில் நானும் அப்பாவும் இங்கே நடமாடித் திரிகிறோம். நீயும் மருமகனும் பேரன் மயூரனும், உன் வயிற்றில் இருக்கும் புதியவரும் அந்தப் பனிக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் பேனையைத் தொடுகிறேன். சோளகக் காற்று இந்த முறை முந்திக்கொண்டு கிளம்பிவிட்டது. ஊர்காவற்றுறை வள்ளம் ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் கரையில் கிடக்கிறது. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் தோட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கிற மனிதரா அவர், புகையிலை உணத்தி முடிந்த பிறகும் அங்கே போய் வெறும் நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறார். உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. வந்த அன்றே மறுமொழி எழுதுகிறவள் இந்த முறை நாலு நாள் சென்று எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது பிள்ளை. இன்றைக்குத்தான் வீட்டில் இருந்து எழுத முடிகிறது.

கடிதம் வந்தபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை கழுவப் பொறுமை இல்லாமல் உடைத்தேன், இப்போதும் அதில் செதில் ஒட்டியிருக்கிறது. சும்மா செய்தி எழுதுவதுபோல எழுதியிருந்தாய். இரண்டாவது பிள்ளைக்குக் கிளினிக் போனேன் அம்மா, இப்போது பிள்ளையைக் குப்புறக் கிடத்த வேண்டாம், மல்லாக்கவோ ஒருபக்கமாகவோ கிடத்து என்கிறார்கள், நித்திரையில் திடீரென்று செத்துப்போன பிள்ளைகளை எல்லாம் ஆராய்ந்து பார்த்ததில் குப்புறக் கிடந்தவைதான் பல மடங்கு அதிகமாம், முந்தைய ஆராய்ச்சிகளிலும் இதே அடையாளம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததாம், ஒருவரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லையாம் என்று. இதற்குக் கீழே மயூரன் தடுக்கி விழுந்ததில் முன்பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பல்லை நான் பிறகுதான் வாசித்தேன். எண்பத்தாறில் மயூரன் பிறந்தபோது நீ என்ன எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? இங்கே குப்புறத்தான் கிடத்தச் சொல்கிறார்கள், பால் புரையேறாது, தலையும் உருண்டையாக வரும் என்று படம் போட்ட புத்தகம் ஒன்று அனுப்பினாய். நான் முதலில் சிரித்தேன். பிள்ளையைத் தவளை மாதிரிப் போடுவதா, நாங்கள் ஏணைத் தொட்டிலுக்குள் மல்லாக்கப் போட்டு வளர்த்த பிள்ளைகள் வளரவில்லையா என்று கேட்டேன். நீ அதற்கு, அம்மா, இங்கே ஆராயாமல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று எழுதினாய். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் விழுந்தேன். முப்பது வருடம் பிரசவம் பார்க்கும் அரசாங்க மருத்துவமாதுவாக இருந்தவள், ஒரு சுற்றறிக்கை இல்லாமல் மருந்துக் குளிசை மாற்றாதவள், அந்த வழுவழுப்பான புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் குப்புறப் போடச் சொன்னேன். சொன்னது மட்டுமா, போடாதவர்களைப் பேசினேன்.

உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த இரஞ்சிதத்தின் முதல் பிள்ளை, மூன்று மாதத்து ஆண்பிள்ளை, எண்பத்தேழு தைப்பொங்கல் கழிந்த கிழமை பகல் நித்திரையில் செத்துப்போனது உனக்குத் தெரியும். நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன். எப்படிக் கிடத்தினாய் என்று கேட்டேன். நீங்கள் சொன்ன மாதிரித்தான் மாமி என்றாள். என் கொப்பியில் அப்படியே எழுதினேன், குப்புற என்று. பால் புரையேறியிருக்கும் என்று நானே ஒரு காரணமும் சொன்னேன். உன் கடிதத்தை வாசித்ததும் அந்தக் கொப்பிப் பக்கம்தான் கண்ணுக்குள் வந்தது. என் வாயால் அல்லவா அந்தப் பிள்ளை போனது என்று நினைத்தேன். அடுத்த கணமே இன்னொன்று நினைவு வந்தது. அவளுக்கு இப்போது இரண்டாவது பிள்ளை, பங்குனியில் பிறந்த பெண்பிள்ளை, இரண்டு மாதம். மீனைப் போட்டது போட்டபடி எழுந்து ஓடினேன். செருப்பும் இல்லை. அப்பா விறாந்தையில் இருந்து, “இஞ்சாரும், எங்கை இந்த வெயிலுக்கை ஓடுறீர்?” என்று கத்தியது கேட்டது, திரும்பவில்லை. (மீனைப் பூனை முடித்துவிட்டது, அப்பா அன்றைக்குப் பருப்போடுதான் சாப்பிட்டார்.) இரஞ்சிதம் கிணற்றடியில் நின்றாள். மாமியார் சின்னாச்சி முற்றத்தில் பனங்கிழங்கு பிளந்து ஒடியல் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒருவரையும் கேட்காமல் உள்ளே போனேன். பிள்ளை பஞ்சு மெத்தையில் குப்புறக் கிடந்தது. முகம் மெத்தைக்குள் புதைந்து ஒரு காது மட்டும்தான் தெரிந்தது. எத்தனையோ நூறு பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் நான், அந்தப் பிள்ளையைத் தொடப் பயந்து நின்றேன். பிறகு பிரட்டினேன். வீறிட்டு அழுதது. “இப்பதானே நித்திரையாக்கினது, உமக்கு என்ன விசரே?” என்று சின்னாச்சி ஓடிவந்து ஏசினாள். ஏசட்டும், எனக்கு அந்த அழுகையைக் கேட்டது போதும் என்று நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஈரக் கையோடு இரஞ்சிதம் வந்தாள். என்ன பிழை விட்டனான் மாமி, ஒரு நாளும் தவறாமல் நீங்கள் சொன்னபடி குப்புறத்தான் போடுகிறேன் என்றாள். நான் உன் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். ஒளிக்கவில்லை. உன் மகன் என் சொல்லைக் கேட்டுத்தான் போனான், என்னை மன்னித்துவிடு என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அழுவாள், ஏசுவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், “மாமி, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். அவனுக்குக் குப்புறப் படுக்க விருப்பமில்லை, அழுவான். நான் மல்லாக்கத்தான் கிடத்தினனான். நீங்கள் ஏசுவியள் எண்டு மாத்திச் சொன்னனான். உங்கடை சொல்லுக் கேளாததாலைதான் பிள்ளை போனது எண்டு மூண்டு வருஷமா நினைச்சுக்கொண்டிருக்கிறன்.” சறோ, நினைத்துப் பார். அவனை நான் கொன்றேன் என்று நான் ஓடிவருகிறேன், அவனைத் தான் கொன்றதாக அவள் மூன்று வருடம் வாய் திறவாமல் சோறு தின்றிருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் இந்தப் பிள்ளையை இரவும் பகலும் குப்புறப் போட்டு வைத்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப அவன் ஏன் மாமி செத்தவன்?” என்று கேட்டாள். எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிற நான், சறோவுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு, அந்தக் காலத்தில் நான் சொல்லிக்கொடுத்த தாய்மாரின் வீடுகளுக்குப் போனேன். பாதிப் பேர் அக்கரைக்குப் போய்விட்டார்கள், இருபத்திரண்டு பேரைப் பிடித்தேன். ஏச மாட்டேன், உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒன்பது பேர்தான் உண்மையாகக் குப்புறக் கிடத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் என் சைக்கிள் மணி கேட்டதும் ஏணையிலிருந்து பிள்ளையை இறக்கிப் பாயில் குப்புறப் போட்டுவிட்டு, நான் படலை தாண்டியதும் திரும்ப ஏணைக்குள் போட்டார்களாம். ஒருத்தி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்த வாய் மூடுவதற்குள் வெட்கமும் வந்தது. என் கொப்பியில் அத்தனை பேருக்கும் குப்புற என்று சரி அடையாளம் போட்டிருக்கிறேன். முப்பது வருடமாக இப்படிப்பட்ட அறிக்கையைத்தான் மாதம் தவறாமல் மேலிடத்துக்கு அனுப்பினேனா? வெள்ளிக்கிழமை சின்னாச்சி வழியில் மறித்து ஒரு கேள்வி கேட்டாள் பார், “குப்புறக் கிடந்த ஒன்பதும் உயிரோடை ஓடித் திரியுது, மல்லாக்கக் கிடந்த ஒண்டெல்லோ போனது, அப்ப உம்மடை மகளின்ரை கடிதம் பிழையெல்லோ?” என்று. எங்கள் தீவுக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. அங்கேதான் எனக்கு விளங்கியது, என்னைப் போல ஒருத்தி ஒரு தீவைப் பார்த்துவிட்டு உலகத்துக்குச் சொல்லப் புறப்பட்டால் என்ன நடக்கும் என்று. ஆயிரக்கணக்கில் எண்ணித்தான் தெரியும் என்றால் எண்ணட்டும். ஆனால் தாய்மார் உண்மை சொன்னார்களா, ஏச்சுக்குப் பயந்து சொன்னார்களா என்று அங்கே யாராவது கேட்டார்களா? அதை விசாரித்து எழுது.

இப்போது இங்கே மருத்துவமாதுவாக இருப்பவள் மேரிஜோசப்பின். என்னிடம் வேலை பழகியவள், நான் சொன்னதையே இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளிடம் உன் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். “மேலிடத்திலை இருந்து எழுத்திலை வந்தால்தான் மாத்தலாம் அக்கா” என்றாள். அப்போது குப்புறப் போடச் சொன்னது எழுத்தில் வந்ததா என்று கேட்டேன். “அப்பவும் உங்கடை மகளின்ரை கடிதம், இப்பவும் உங்கடை மகளின்ரை கடிதமோ?” என்று கேட்டாளே, கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அவளில் பிழை இல்லை. ஆனால் உங்கள் ஊரில் தெரிந்த ஒரு விஷயம் ஊர்காவற்றுறைக்கு வர எத்தனை வருடம் செல்லும்? பிழையான புத்தகம் என்றால் ஒரு கிழமையில் வந்துவிட்டது, சரியானது மட்டும் ஏன் நடந்து வருகிறது? நீ கிளினிக்குக்குப் போகும்போது அங்கேயுள்ள பெரிய டாக்குத்தரிடம் கேள், உலகம் முழுவதற்கும் சுகாதாரம் பார்க்கிற பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இதை எல்லா நாட்டுக்கும் எழுதினார்களா என்று. எழுதவில்லை என்றால் ஏன் என்று கேள். அச்சடித்த தாள் ஒன்று வாங்கி, கொழும்புச் சுகாதார அமைச்சுக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி பதிவுத் தபாலில் அனுப்பு. கூச்சப்படாதே, அன்னபூரணத்தின் மகள் கூச்சப்பட்டாள் என்று இருக்கக் கூடாது. தாள் வரும்வரை மேரிஜோசப்பின் பேசாமல் இருக்கட்டும், எனக்கு இப்போது உத்தியோகமும் இல்லை, மேலிடமும் இல்லை, நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டுதான் திரிவேன்.

உன் பிள்ளையை மல்லாக்கவே கிடத்து, தலை தட்டையானால் ஆகட்டும். பஞ்சுத் தலையணை வைக்காதே. மயூரன் குப்புறக் கிடந்து வளர்ந்ததை நினைத்து இப்போது பயந்து சாகாதே, அதை நான் உனக்கும் சேர்த்துப் பயந்துவிட்டேன். அவனுடைய பல் விழுந்தால் கூரைக்கு மேலே எறியச் சொல். மருமகன் செல்வரத்தினத்துக்கு எங்கள் அன்பு. மாசம் ஏற ஏற நிலத்தில் இருந்து வேலை செய்யாதே, பனியில் வழுக்கி விழாமல் நட. சுகமாகப் பெற்று, தாயும் பிள்ளையும் நூறு வருடம் இருக்க அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம்.

இன்று காலை இரஞ்சிதம் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு படலையில் வந்து நின்றாள், மகளுக்கு எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். அவளுடைய கேள்வியை மறந்துவிடாதே: மல்லாக்கக் கிடந்த பிள்ளை ஏன் செத்தது? அங்கே கேட்டு எழுது. அவர்களுக்கும் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது பிள்ளை. அதை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். இந்த முறை என் பாட்டில் ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. அன்னபூரணம்