நகராத மேகம்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஃபோனில் சண்டை போட்டால் நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் உன் வானிலை ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, "ரேடார்ல பாத்தேன், மலையில கொட்டுது. ஆத்துல யாரும் இறங்க வேணாம்" என்றாய். அவரும் நம்பி, பாலத் தூண் வேலைக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரையும் கரையேற்றிவிட்டார். சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இப்போது அவரை யாரும் மேஸ்திரி என்று கூப்பிடுவதில்லையாம், 'வானிலை' என்கிறார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். சாப்பாடுதான் இறங்கவில்லை.

உன் ரேடாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டதா?

உன் பாப்பா

மார்ச் 11

பாப்பாவுக்கு,

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ரேடார் அலை போகும் வழியைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. தெளிந்த விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும், அதன்மேல் சூடான காற்று மூடிபோல் படுத்திருக்கும். அப்போது அலை கீழே வளைந்து மலைச்சரிவில் முட்டித் திரும்பும். திரையில் அது மழை மாதிரியே சிவப்பாகத் தெரியும். அன்று நடந்தது அதுதான். மேகமென்றால் நகரும், மலை நகராது. பொறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் அதிகாரிகூட, "தங்கச்சி வீடுன்னதும் கை பதறிடுச்சா?" என்று கேட்டார்.

இனி உறுதியாகத் தெரிந்தால் மட்டும்தான் கூப்பிடுவேன்.

அக்கா

ஏப்ரல் 2

பாப்பா,

வாசல் வரை வந்தேன். "தூங்குறாம்மா" என்று உன் மாமியார் திருப்பி அனுப்பிவிட்டார். ஃபோனையும் நீ எடுப்பதில்லை.

வெள்ளம் வந்த அன்றைக்கும் காற்றில்லாத தெளிந்த காலைதான். அதே இடத்தில் அதே சிவப்பு. இருபது நிமிடம் பார்த்தேன், நகரவே இல்லை. மலைதான் என்று விட்டுவிட்டேன். மலைமேல் நின்ற இடத்திலேயே கொட்டிய மேகம் அது. மேகம் அப்படியும் நிற்கும் என்று நான் படித்திருக்கிறேன் பாப்பா. படித்துத்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றவர்களையெல்லாம் ஏற்றிவிட்டு மாப்பிள்ளை கடைசியாக நின்றார் என்றார்கள். எங்காவது கரையேறியிருப்பார். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

நேற்றோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

திட்ட உட்கார்ந்தேன், வரவில்லை. யார் எவ்வளவு சிரித்தாலும் தினமும் சட்டையை மாட்டும்போது, "உங்கக்கா கூப்பிட்டாங்களா?" என்று கேட்பார். அன்றைக்கும் கேட்டார். "இல்லையே" என்றேன். "அப்ப சரி" என்று கிளம்பிப் போனார். நீ கூப்பிடவில்லை என்று அவரிடம் சொல்லி அனுப்பியவள் நான்தானே. உன்னை எப்படித் திட்டுவது, எந்த வாயால் திட்டுவது?

ஃபோன் அடிக்கும்போதெல்லாம் உன் பெயர் தெரிகிறது. அன்றைக்கு அடித்திருக்கக் கூடாதா என்று மட்டும்தான் தோன்றுகிறது. வேறெதுவும் தோன்றுவதில்லை. எடுத்தால் அதைத்தான் கேட்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. என்னைக் கூப்பிடாதே.

பாப்பா