அமைச்சரின் புதிய ஆலோசகர்

அன்பு மகளுக்கு,

நேரில் பேசினால் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருடங்களில் என்னைக் கேட்காமல் அமைச்சர் ஒரு கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை. போன வாரம் சபையில் அவர் பேசியதைக் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. குடிநீர் வரியை உயர்த்தக் கூடாது என்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அடுக்கிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். வெளியே யாரிடமும் நான் அவற்றைச் சொன்னதில்லை.

முதலில், வீட்டுக்குள் வந்துபோகும் டிரைவரைச் சந்தேகித்தேன். அவர் காதுபடப் போன் பேசுவதையே நிறுத்தினேன். ஒரு நாள் உன் அம்மாவைக்கூடச் சந்தேகித்தேன். உன்னை நினைக்கவே இல்லை.

நேற்று அமைச்சரிடமே கேட்டேன். சிரித்தார்.

"உங்க பொண்ணு சொல்லலையா? நீங்க என்ன சொல்லுவீங்கன்னு முன்னாடியே அவ சொல்லிடுறா. அப்புறம் உங்களுக்கு எதுக்கு சிரமம்? அடுத்த மாசத்துலேர்ந்து உங்க இடத்துல அவதான்."

படியிறங்கினேன். காரில் ஏறியதும் பழைய புத்தி விழித்துக்கொண்டது. காரணமில்லாமல் வாய் திறக்காத மனிதர், கேட்டதும் உன்னை ஏன் காட்டிக்கொடுத்தார்? நான் உன்னை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டும், அவரைவிட்டால் உனக்கு வேறு நாதியிருக்கக் கூடாது. அதற்குத்தான்.

துரத்தமாட்டேன். வேலைக்குப் போ, சாயங்காலம் வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடுவோம். ஆனால் அரசியல் மட்டும் இனி உன்னிடம் பேசமாட்டேன், கண்ணு.

உன் அப்பா