குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒரு ஜாக்கெட்

விடிய முன்னம் என் ஜன்னலைத் தட்டி எழுப்புகிற ரமணனுக்கு,

மோர்டனில் மறுபடி குளிர் தொடங்கிவிட்டது, மச்சான். ஆட்கள் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிப்போட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். நீ இல்லாமல் வருகிற முதல் குளிர்காலம் இது. ஞாயிறு காலையில் நாம் ஓடப் போகிற நேரத்துக்குச் சரியாகக் கண் விழிக்கிறது. எழும்பத்தான் ஏலவில்லை.

வெறும் சோம்பல் என்றால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். உன் செத்தவீட்டில் ஒரு அங்கிள், கையில் தேத்தண்ணியோடு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "உந்தப் பனிக்குள்ளை அரைக் காற்சட்டையோடை ஓடினால் நெஞ்சிலை சளி கட்டாமல் என்ன செய்யும்?" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நிமோனியாக் காய்ச்சலோடு நீ வெயார்ஹவுசில் பெட்டி தூக்கியதை ஒருவரும் பேசவில்லை. லீவு கேட்டால் அடுத்த கிழமை ஷிப்ட் தரமாட்டார்கள் என்ற பயத்தில் போனாய். பயப்படுத்தியவர்களுக்கு ஒரு சொல் இல்லை, ஓட்டத்துக்கு முழுப் பழி. நானும் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு ஓடவும் இல்லை. இப்படியே படுத்துக் கிடந்தால் நானும் அவருக்குத் தலையாட்டியது மாதிரித்தானே?

போன ஞாயிறு உன் சட்டம் ஞாபகம் வந்தது. "போர்வைக்குள்ளை கிடந்து யோசிக்காதை. வெளியிலை வந்து நிண்டு பார், ஏலாட்டித் திரும்பிப் போ." ஒருநாளாவது திரும்பிப் போயிருக்கிறோமா?

எழும்பினேன். அம்மா வழக்கம்போலத் தடித்த ஜாக்கெட்டை மாட்டி, கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டா. நம் இரண்டு அம்மாமாருக்கும் ஒரே பயம், நமக்கும் ஒரே தந்திரம். வாசலைத் தாண்டியதும் ஜாக்கெட்டைக் கழற்றிக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு ஓடுவோம். வந்து, மறுபடி போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குள் போவோம்.

அன்றும் அதற்குத்தான் குனிந்தேன். மேலே உங்கள் வீட்டு ஜன்னல் திறந்தது. உன் அம்மா.

"அங்கை வையாதை தம்பி. ஊத்தை."

வீட்டுச் செருப்போடு கீழே வந்தா.

"மாமி, இது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒவ்வொரு கிழமையும் பாத்தனான். கள்ளர் மாதிரி ஒளிக்கிறது, பிறகு வேர்வை வழிய வந்து 'குளிருது அம்மா' எண்டு நடிப்பு வேறை."

சிரித்துவிட்டேன். மாமியும் சிரித்தா. அந்தத் துணிவில் கேட்டேன்.

"நீங்களும் அப்பிடி நினைக்கிறியளோ மாமி? ஓடினதாலைதான் எண்டு?"

மாமி ரோட்டைப் பார்த்தபடி சொன்னா:

"ஓடிப்போட்டு வந்து அவன் ஒருநாளும் இருமேல்லை. வேலையாலை வந்துதான் இருமினவன்." பிறகு கையை நீட்டினா. "ஜாக்கெட்டைத் தா. நான் வைச்சிருக்கிறன். ஓடு."

ஓடினேன். நன்றாக ஓடினேன் என்று உனக்குப் பொய் சொல்லி என்ன பயன்? பஸ் ஸ்டாப் வரமுதலே மூச்சு வாங்கியது. காது எரிந்தது, மூக்கு ஒழுகியது. நீ இருந்திருந்தால் "கிழவா, பஸ் பிடிச்சு வாறியோ?" என்று கேட்டிருப்பாய். பார்க்கை ஒருமாதிரிச் சுற்றி முடித்தேன், பாதி நடைதான்.

திரும்பி வந்தபோது மாமி வாசலில் நின்றா. ஜாக்கெட் சுடச்சுட இருந்தது. பில்லுக்குப் பயந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹீட்டரை நிப்பாட்டி வைக்கிற மனுசி, ஜாக்கெட்டைச் சூடாக்க ஹீட்டரைப் போட்டிருக்கிறா. போட்டுக்கொண்டு, கழுத்துவரை சிப்பை நானே இழுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் போறன், மச்சான். ஜன்னலை யாரும் தட்டாவிட்டாலும் எழும்புவேன். ஜாக்கெட்டை உன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓடுவேன். அந்த அங்கிளை எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும், மாமி சொன்ன அந்த இருமல் வசனத்தை எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு,
உன் மச்சான்,
கீழ்வீட்டுக் கபிலன்