போகாத பள்ளிக்கு எழுதிய அறிக்கை

தாவேலாத் தீவு,
வனுவாட்டு
ஜூன் 9

என் அன்பு லெய்மாரா,

நலமா? உன் மாமியாரின் கால்வீக்கம் வடிந்ததா? இங்கே மழை விட்டு, சேனைத் தோட்டம் இப்போதுதான் காய்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. பள்ளியைப் பார்வையிட மார்ச்சில் வருகிறாய் என்று பிள்ளைகள் மாலை கட்டிக்கொண்டு இரண்டு நாள் கரையில் நின்றார்கள். மாலை வாடி, பன்றிக்குப் போட்டோம். கடல் சரியில்லையென்று சொல்லியனுப்பினாய், சரி. அதற்குப் பிறகும் ஒரு படகு கிடைக்கவில்லையா? கல்வி அலுவலகத்தில் மேசை கிடைத்ததும், பயிற்சிக் கல்லூரியில் ஒரே போர்வைக்குள் படுத்தவளை மறந்துவிட்டாயா?

ஒரு யோசனை கேட்கவே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில் வினி என்றொரு பெண். எட்டு வயது. கேள்வி கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. திமிர் என்று நினைத்து ஒரு வாரம் வெளியே வெயிலில் நிற்க வைத்தேன். அவள் அம்மா மெரியன் நேரே வகுப்புக்கே வந்துவிட்டாள். “டீச்சர், எம் புள்ள திமிர் புடிச்சவ இல்ல. நாய நிக்க வெக்கிற மாதிரி நிக்க வெச்சிருக்கீங்க. இனிமே அனுப்ப மாட்டேன்” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அன்றிலிருந்து பிள்ளை வரவில்லை.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். அவளுக்குக் காதில் ஏதாவது கோளாறோ? மே மாதம் உங்கள் அலுவலகத்தின் கண், காது பரிசோதனைக் குழு பக்கத்துத் தீவுவரை வந்ததாம். எங்களை ஏன் விட்டுவிட்டார்கள்? கேட்டுச் சொல்.

உன்
எஸ்டெல்


ஜூலை 1

அன்பு எஸ்டெல்,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கால் பரவாயில்லை.

குழு எங்கே போவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விசாரிக்கிறேன். கொப்பரைத் தேங்காய் ஏற்ற வரும் படகில் நாற்பது கதைப் புத்தகங்களும் ஒரு டின் பிஸ்கட்டும் அனுப்பியிருக்கிறேன். பிஸ்கட் உனக்கு.

அந்தப் பிள்ளை விஷயத்தில் உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் யாரால் கவனிக்க முடியும்? மனதைத் தேற்றிக்கொள். கொஞ்சம் பொறுமையாக நடந்துகொண்டால் அவளே திரும்பி வருவாள்.

அன்புடன்,
லெய்மாரா


தாவேலா
ஜூலை 28

லெய்மாரா,

புத்தகங்கள் வந்தன. நன்றி சொல்லக்கூட மனம் இல்லை.

மெரியன் பிள்ளையைப் படகேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு காதிலும் சவ்வு ஓட்டையாம். வெகுநாளாகச் சீழ். இடது காது இனி கேட்காது. வலதில் பாதி மிஞ்சலாம் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். “ரெண்டு மாசம் முந்தி காட்டியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது” என்றாளாம் நர்ஸ்.

காது கேட்காத பிள்ளையை, காது கொடுக்கவில்லை என்று தண்டித்திருக்கிறேன். அவள் வெயிலில் நின்றுகொண்டு, எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் திமிர் என்று நினைத்தேன்.

ஞாயிறன்று ஊர்க்கூட்டத்தில், வழக்கப்படி காணிக்கையாக ஒரு பாய் விரித்து, மெரியன் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். பாயை எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது கடைக்குப் போகவே கூசுகிறது.

நீ ஒன்று செய். எங்கள் பள்ளியின் பெயரைக் குழுவின் பட்டியலில் சேர்க்காமல் விட்டவர் யார் என்று கண்டுபிடி. தப்பைக் கண்டால் சும்மா விடமாட்டாய் நீ. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

எஸ்டெல்


ஆகஸ்ட் 15

எஸ்டெல்,

விட்டவள் நான்தான்.

மார்ச்சில் முதல் நாள்தான் கடல் கொந்தளித்தது. மறுநாள் தெளிந்துவிட்டது. படகுக்காரர் வாசலில் வந்து நின்று, “அக்கா, தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. ஏறுங்க” என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். விருந்துக்குக் கிழங்கு அரைத்து லப்லப் சுடக் கல் காய்ச்சிக்கொண்டிருந்தோம். ஒரு பள்ளிதானே என்று இருந்துவிட்டேன்.

மாதக் கடைசியில், பார்த்துவந்ததாகவே உன் பள்ளிக்குப் படிவம் நிரப்பினேன். ‘தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் எத்தனை?’ என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் போட்ட பள்ளிகளுக்குக் குழு போவதில்லை. உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் பிஸ்கட் டின் அனுப்பினேன்.

எங்கள் இயக்குநர் வீராவிடம் சொன்னேன். “பாதிப் பேர் இப்படித்தான் போடுறாங்க. இத எழுத்துல வேற குடுக்கணுமா, லெய்மாரா?” என்றார். எழுதியே கொடுத்தேன். பள்ளிகளுக்குப் போகும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கிட்டங்கியில் புத்தகம் எண்ணுகிறேன். நான் நிரப்பிய மற்ற பத்துப் பள்ளிகளின் படிவங்களையும் மறுபடி சரிபார்க்கிறார்கள்.

செப்டம்பர் முதல் வாரம் குழு தாவேலாவுக்கு வருகிறது. அவர்களோடு வர அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். மெரியனிடம் நானே சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

லெய்மாரா


தாவேலா
ஆகஸ்ட் 30

லெய்மாரா,

உன் கடிதத்தைப் பள்ளியிலேயே படித்துவிட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

நீ வராததை மன்னித்துவிடுவேன். நானும்தான் கண்ணெதிரே இருந்த பிள்ளையைப் பார்க்காமல் இருந்தேன். பூஜ்யத்தைக்கூட ஒருநாள் மன்னிப்பேன். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே ‘மனதைத் தேற்றிக்கொள்’ என்று எழுதினாயே, அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஊர் முன்னால் நான் மண்டியிட்டபோது உனக்கும் சேர்த்துத்தான் மண்டியிட்டிருக்கிறேன். அது அப்போது எனக்குத்தான் தெரியவில்லை.

வா. குழு வரட்டும். இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் காது சரியில்லையோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பெயர்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் தங்க வேண்டாம். திருச்சபை விடுதியில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

வினி இந்த வாரம் பள்ளிக்கு வந்தாள். முன்வரிசையில், என் வலதுகைப் பக்கம் உட்கார வைத்திருக்கிறேன்; அவள் வலது காது என் பக்கம் இருக்கும்.

நீ வருவதையும், எதற்கு வருகிறாய் என்பதையும் மெரியனிடம் சொன்னேன். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“வரட்டும் டீச்சர். ஆனா எங்கிட்டச் சொல்ல வேணாம். புள்ளகிட்டச் சொல்லச் சொல்லுங்க. எதுக்க உக்காந்து, மூஞ்சியப் பாத்து, சத்தமா, நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லுங்க. அப்பத்தான் அவளுக்குக் கேக்கும்.”

எஸ்டெல்