அது சாமி இல்ல, ஸ்ட்ரோக்

வினிதா கண்ணு,

அந்தக் குளிர்ல வேளாவேளைக்கு சாப்பிட்டுகினு நல்லா இருப்பேன்னு நம்பி எழுதுறேன், நான் நல்லா இருக்கேன், அப்பாவும் ஆஸ்பத்திரிலேர்ந்து இரும்புலியூர் வூட்டுக்கு வந்துட்டாரு. எப்படிம்மா ஸ்ட்ரோக் வந்துச்சுன்னு நீ போன்ல கேட்டப்போ சிட்டிபாபு பெரியப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, அதான் அப்ப சொல்லல.

அப்பாவுக்கு இதயம் தாறுமாறா துடிக்குதுன்னு, ரத்தம் கட்டாம இருக்க ஒரு கேப்ஸ்யூல் குடுத்தாங்கல்ல, நிறுத்தவே கூடாதுன்னு. ஆடித் திருவிழாவுக்கு அப்பாவுக்கு காப்பு கட்டுன அன்னிக்கு பெரியப்பா பங்காளிங்க குரூப்ல ஒரு வீடியோ போட்டாரு, கேப்ஸ்யூல் மேல்கூட்ட மாட்டுத் தோலு, எலும்புலேர்ந்து செய்றாங்களாம், விரதத்துல முழுங்கக் கூடாதாம். உங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நிறுத்திட்டாரு. டாக்டரக் கேட்டிருந்தா வேற மாத்திரை எழுதியிருப்பாங்க. இதுல பெரியப்பா மட்டும் அவரோட மீன் எண்ணெய் கேப்ஸ்யூல விடல, கேட்டா எனக்கு இன்னா காப்பா கட்டிகீதுன்றாரு. த்தூ.

கூழ் ஊத்துற அன்னிக்கு பந்தல்ல நின்னுகினு இருந்த உங்கப்பா அப்படியே உக்காந்துட்டாரு. கூப்ட்டா பேச்சு இல்ல, பார்வை ஒரே எடத்துல நிக்குது, வேட்டியிலயே ஒண்ணுக்கு போயிட்டாரு. பெரியப்பா, ஆத்தா இவன் மேல எறங்கிட்டா, யாரும் தொடாதீங்கன்னுட்டாரு. மஞ்சத்தண்ணி ஊத்தி, கற்பூரம் காட்டி, வரிசையா கால்ல விழுந்து, எம் மனை எப்ப விக்கும்னு குறி கேக்குறாங்க, ஒருத்தன் செல்ஃபி வேற. மூத்திரத்துல உக்காந்திருக்க மனுஷன்கிட்ட. பின்னாடி கூழு கிண்டிகினு இருந்த நான் கரண்டிய போட்டுட்டு கூட்டத்த தள்ளிகினு உள்ள பூந்தேன். நான் அந்த மூளை டாக்டர் சேனல்ல ஒரு வீடியோ விடமாட்டேன்னு நீ கிண்டல் பண்ணுவியே, அப்பா இடது காலு தொவண்டு கெடக்குறதப் பாத்ததுமே புரிஞ்சிடுச்சு, 108க்கு அடிச்சேன். சாமிக்கு ஆம்புலன்ஸா ஹேமான்னு பெரியப்பா சிரிக்கிறாரு.

டாக்டர் ஜெயஸ்ரீ படம் போட்டு சொன்னாங்க, இதயத்துல கட்டுன ரத்தம் மேல ஏறி மூளையோட முன்பக்கத்துக்குப் போற குழாய அடச்சிருக்கு. பிபி, சுகர், சிகரெட்டு இதெல்லாமும் அதுக்கு வழி பண்ணும், உங்கப்பா அதுலயும் கொற வெக்கல. ஒரு வேலைய நாமளா ஆரம்பிக்க வெக்கிறது அந்த முன்பக்கம்தானாம். இப்ப கால் தேறுது, ஆனா சோத்த எதிர்ல வெச்சா பாத்துகினே இருக்காரு, சாப்புடுன்னு சொன்னாதான் சாப்புடுறாரு. யாரு சொன்னாலும் செய்றாரு கண்ணு. பெரியப்பா ஆளுங்களக் கூட்டியாந்து விபூதி குடுப்பான்னா, குடுக்குறாரு. அருள் இன்னும் வுட்டுப் போவலன்னு இதுங்க கன்னத்துல போட்டுக்குதுங்க. அது கூட போவுது, நான் குரோம்பேட்டைக்கு மருந்து வாங்கப் போயிருந்தப்போ, பெரியப்பா வந்து, மாத்திரைல்லாம் வேணாண்டா தயாளா, துப்புன்னு சொல்லியிருக்காரு. இவரு துப்பிட்டாரு.

அன்னியிலேர்ந்து கேட்டுக்குப் பூட்டு. சொந்தபந்தம் என்ன பேசுனாலும் பேசட்டும். நீ காலைலயும் ராத்திரியும் வீடியோ கால்ல வா. எப்படி இருக்கப்பான்னு கேக்காத, அதுக்கு அவருகிட்ட பதில் வராது. அப்பா, மாத்திரைய போட்டு முழுங்குன்னு சொல்லு, முழுங்குற வரைக்கும் போன வெக்காத. இவரு யாரு சொன்னாலும் கேப்பாரு, அதனால நாமதான் சொல்லிகினே இருக்கணும்.

நீயும் பிபி பாத்துக்கோ, மறக்காத. நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இரும்மா.

கேட்டு சாவிய இடுப்புல சொருகிகினு இருக்கும்
உன் அம்மா
ஹேமாவதி