உம்மாவின் பெயரில் கொடுத்த கதை

அன்பான றிஸ்மினா ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உப்புக்குளத்தில் நாங்கள் எல்லோரும் சுகம். வாப்பாவின் முழங்கால் நோவு குறைந்திருக்கிறது. லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் ஹமீதா மாமியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் ஃபோனில் கோல் எடுக்கும்போது வாப்பா பக்கத்தில் இருப்பார், உங்கள் மகள் றிப்கா என் மடியில் இருப்பாள். அப்போது எனக்கு வாய் வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

சில நாட்களாக என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் ஃபோனைப் பார்க்கிறேன், உடுப்புக் காயப்போடும்போதும் பார்க்கிறேன். சோளகக் காற்று வேறு. கூட்டிவிட்டுத் திரும்பினால் வீடு முழுக்க மறுபடியும் மண்.

நான் ஃபோனில் படம் கீறுவது உங்களுக்குத் தெரியும். போன நோன்பில், சிறுவர் கதைகள் போடும் ஓர் இணையத்தளத்தில் றிப்காவுக்காக ஒரு படக்கதை போட்டேன். ஓர் உம்மா தலைமன்னாரில் இருந்து மணல்திட்டு மணல்திட்டாக நடந்து கடலுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறாள். பிள்ளை கரையில் காத்திருக்கிறது. கடைசிப் படத்தில் அவள் பெரிய பையோடு திரும்பி வருகிறாள். அது யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போடும்போது என்ன அனுமதி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். யாரும் வாசிக்கலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம், ஆனால் எழுதியவரின் பெயரைப் போட வேண்டும், மாற்றியதையும் அதே அனுமதியோடு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஒன்றைத் தெரிவு செய்தேன். என் பெயரைப் போட வெட்கமாக இருந்தது. உம்மா மௌத்தாகிப் போன பிறகு அவருடைய பெயரில் நாங்கள் ஸதக்கா என்று ஒரு தர்மமும் கொடுக்கவில்லை என்ற கவலையும் எனக்கு இருந்தது. வசதியுள்ளவர்கள் மௌத்தானவர்களின் பெயரில் பள்ளிவாசலுக்குக் கிணறு கட்டிக் கொடுக்கிறார்கள், யாரும் வந்து அள்ளலாம். எனக்கு ஏலுமானது ஒரு கதை. அப்படி மனதில் நிய்யத் வைத்து, எழுதியவர் என்ற இடத்தில் சரீபா உம்மா என்று போட்டேன். தண்ணீர் அள்ள வருகிறவர் கிணற்றையே மாற்றிக் கட்டலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் முன்பள்ளியில் றொசானா ரீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு கதையை அச்சடித்துக் கொடுத்திருந்தார். றிப்கா அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "சாச்சி, இது எங்கட உம்மா. ஆனா போற பக்கம் மாறிக் கிடக்குது."

வாங்கிப் பார்த்தேன். என் படங்கள்தான். கடைசிப் படத்தில் அந்த உம்மாவை மட்டும் வெட்டி எடுத்து, மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கரைக்கு வந்துகொண்டிருந்தவள் இப்போது கரையை விட்டுப் போகிறாள். அதற்குப் பிறகு புதிதாக இரண்டு பக்கம். அந்தக் கரையில் ஒரு குழந்தை அழுகிறது, அவள் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறாள். இந்தக் கரையில் பிள்ளை தானே தலை பின்னி, தானே சமைத்துப் பெரியவளாகிறாள். கீழே 'சரீபா உம்மாவின் கதையைத் தழுவியது' என்று போட்டிருந்தது.

"வீடியோவில உம்மாட கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்துதே, அந்தப் பிள்ளையா சாச்சி?" என்று றிப்கா கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாற்றியவர் பினாங்கில் இருக்கும் இராசேஸ்வரி என்ற ஆசிரியை. கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கவே பயப்படுகிற நான், அழித்துவிடுங்கள் என்று அவருக்குக் காரமாக எழுதினேன். பதில் உடனே வந்தது. தான் என் அனுமதிப்படிதான் மாற்றியதாகவும், பெயரும் போட்டிருப்பதாகவும் சொன்னார். தன்னுடைய வகுப்பில் அம்மா திரும்பி வராத பிள்ளைகள் இருக்கிறார்களாம், என் கடைசிப் படத்தைப் பார்த்து அவர்கள் அழுதார்களாம். "என்னுடையதையும் நீங்கள் மாற்றலாம் தங்கச்சி, அதே அனுமதிதான்" என்று முடித்திருந்தார். வாசித்ததும் என் கோபம் போய்விட்டது. கோபம் இருந்தபோது இதைவிட லேசாக இருந்தது.

வாப்பாவிடம் சொன்னேன். "ஸதக்கா எண்டு குடுத்திட்டு இப்ப திருப்பிக் கேக்கிறியா?" என்றார். பக்கத்து வீட்டு நஸார் மாமாவின் பெண்சாதி கோப்பையைத் திருப்பித் தர வந்தவர், கதையை எடுத்து முழுக்க வாசித்துவிட்டுச் சிரித்தார். "றிப்காட தகப்பன் புத்தளத்தில வேற கலியாணம் முடிச்சிட்டான், தாய்க்காரி அரபி வீட்டுப் பிள்ளையோட. இதில எங்கடி பிழை?" என்றார். றிப்கா பக்கத்தில்தான் நின்றாள்.

இப்போது அந்த ஆசிரியை மாற்றிய கதையை நான் எடுத்து மாற்றத் தொடங்கியிருக்கிறேன். அந்த உம்மாவைத் திருப்ப ஓர் அழுத்து போதும். இந்தப் பக்கம் திருப்புகிறேன், பிறகு அந்தப் பக்கம் திருப்புகிறேன். இன்னும் தளத்தில் போடவில்லை. முதல் தடவை, இரண்டு வருஷம் முடிய வாறன் என்று நீங்கள் சொன்னதை நம்பிக் கீறினேன். அக்ரிமென்ட் முடிந்துவிட்டது, நீங்கள் மறுபடியும் கையெழுத்து வைத்துவிட்டீர்கள் என்று ஹமீதா மாமிதான் சொன்னார். வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. உம்மாவின் பெயரில் உள்ள கதையில், நடக்குமா என்று தெரியாத ஒன்றை என்னால் கீற முடியவில்லை.

இது கிடைத்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை றிப்கா உங்களைக் கேட்பாள். போன கிழமை போல "பாப்பம் மகள்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிடாதீர்கள். வருவதாக இருந்தால் எந்த மாதம் என்று அவளிடமே சொல்லுங்கள். வருவதில்லை என்றால் முதலில் எனக்கு மட்டும் சொல்லுங்கள், அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் பார்க்கிறேன். நான் கோபிக்க மாட்டேன் ராத்தா. கைக்குழந்தையை இறக்கிவிட்டு எழும்பிப் போவது லேசில்லை என்று எனக்குத் தெரியும். றிப்காவைத் தூக்கிய பிறகுதானே நானும் பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். நீங்கள் வளர்க்கும் அந்தப் பிள்ளைக்கும் தரட்டும். அது கெதியாக வளர்ந்து, தானே சாப்பிட்டு, தானே படுக்கப் பழக வேண்டும் என்று றிப்கா தினமும் கையேந்தி துஆ கேட்கிறாள். நான் பக்கத்தில் இருந்து ஆமீன் சொல்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
முஸ்பிரா